வெளியே சுத்தம், உள்ளே அழுக்கு

என்னிடம் உள்ள கடிதங்களிலேயே ரொம்பப் பழசு, 1839-ல் மெட்ராஸிலிருந்து லண்டனுக்குப் போனது. அதைக் கெடுத்தது கரையானும் இல்லை, மழைத் தண்ணியும் இல்லை. நான்தான்.

சென்னையில் ஒரு தபால்தலைக் கண்காட்சி. ஒரு வியாபாரியின் மேசைக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டியில் அது கிடந்தது. அந்தக் காலத்தில் உறை கிடையாது. ஒரே தாளில் எழுதி, அதையே மடித்துச் செருகி, அரக்கு வைத்து, மேல்பக்கம் விலாசம் எழுதிவிடுவார்கள். "டேமேஜ் பீஸ் சார், பார்த்துக் குடுங்க" என்றார் வியாபாரி. விலாசத்தின் குறுக்கே கத்தியால் கீறிய மாதிரி இரண்டு வெட்டு, ஒவ்வொன்றும் கட்டைவிரல் நக அகலம். பாவம், யாரோ அரக்கை உடைக்கத் தெரியாமல் கத்தியை விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். திருச்சிக்கு வந்ததும் எனக்குப் பழக்கமான பைண்டிங் பாயிடம் கொடுத்தேன். விரித்துப் பார்த்தால் வெட்டு இரண்டல்ல, பன்னிரண்டு. அவர் மெல்லிசான காகிதத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, மாவுப் பசை தடவி, பன்னிரண்டையும் அடைத்துவிட்டார். "கிழிஞ்ச இடமே தெரியாது சார்." உண்மையிலேயே தெரியவில்லை. அவ்வளவு நறுவிசு.

மறு வருஷம் கண்காட்சியில், அறுபது வருஷமாகக் கடிதம் சேர்க்கும் ஒரு பெரியவரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் லென்ஸை வைத்துப் பார்த்தார். தாளைத் திருப்பினார். திரும்பவும் பார்த்தார். "தம்பி, இதை ஒட்டச் சொன்னது யாரு?"

"நான்தான் ஐயா."

"இந்த ஓட்டைக்குத்தான் தம்பி விலை. ஓட்டையை அடைச்சுட்டு வெறும் காகிதத்தை வச்சிருக்கீங்க."

முப்பத்தோரு வருஷம் ஆர்.எம்.எஸ்.-ல், அதாவது ரயில் தபால் சேவையில், சார்ட்டராக இருந்தவன் நான். ஓடுகிற ரயிலில் நின்றபடி, புறாக்கூண்டு மாதிரியான அறைகளில் கடிதத்தை ஊர்வாரியாகப் போட்ட கை இது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம், அடுத்தவர் தபாலைப் பிரிக்கக் கூடாது என்பது. அப்படிப்பட்டவனிடம் பெரியவர் சொன்னார்: அந்த வெட்டைப் போட்டதே சர்க்கார்தான். மத்தியதரைக் கடல் நடுவில் மால்டா என்று ஒரு தீவு. அங்கே உளியை வைத்துக் குத்தி, உள்ளே புகை விட்டு அனுப்பினார்கள். பிளேக் பயம்.

அன்றிலிருந்து நான் ஓட்டை விழுந்த கடிதங்களை மட்டும்தான் தேடுகிறேன். வீட்டில் கேட்கிற கேள்வியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கொள்ளைநோய்க்குப் பயந்து கப்பலை ஒதுக்கி வைக்கிற வழக்கம் 1377-ல் ரகூசாவில், இன்றைய துப்ரோவ்னிக்கில், முப்பது நாள் விதியாகத் தொடங்கியது. பிறகு அது நாற்பது நாளானது. இத்தாலிய மொழியில் நாற்பதுக்கு 'குவரந்தா'. குவாரண்டைன் அங்கிருந்து வந்த சொல். 1423-ல் வெனிஸ் நகரம் ஒரு தனித் தீவில் லாசரெட்டோ கட்டியது. நம் வார்த்தையில் ஒதுக்குமனை. மனிதரை அடைத்தாயிற்று, சரக்கை அடைத்தாயிற்று. கடிதத்தை என்ன செய்வது? ஒரு வியாபாரியின் கடிதத்தை நாற்பது நாள் நிறுத்தினால் சந்தையே நின்றுபோகும். ஆகவே கடிதத்துக்கு மட்டும் ஒரு குறுக்குவழி வைத்தார்கள். ஆளும் சரக்கும் கிடக்கட்டும், தாளைச் சுத்தம் செய்து முன்னால் அனுப்பிவிடு.

காகிதத்தின் மேல் ஏன் அவ்வளவு சந்தேகம்? ஒதுக்குமனைச் சட்டங்கள் உலகத்துப் பொருளையெல்லாம் இரண்டாகப் பிரித்திருந்தன: நோய் ஒட்டுகிறவை, ஒட்டாதவை. இரும்பு, மரம், தானியம் போன்றவை பெரும்பாலும் ஒட்டாத பக்கம். பஞ்சு, கம்பளி, பட்டு, மயிர், இறகு எல்லாம் ஒட்டுகிற பக்கம். அந்த வரிசையில் காகிதமும் உண்டு. அன்றைய காகிதம் மரக்கூழில் செய்ததல்ல, கந்தல் துணியை ஊறவைத்து இடித்துச் செய்தது. துணியில் பிளேக் தங்கும் என்றால், துணியைக் கரைத்துச் செய்த தாளில் தங்காதா? கணக்கு சரியாகத்தான் இருந்தது, அடிப்படைதான் தப்பு.

1720 மே மாதம் கிழக்கிலிருந்து மார்செய் துறைமுகத்துக்கு வந்த 'கிரான் சேன் அந்துவான்' கப்பலின் சரக்கு, விதியைத் தளர்த்தி இறக்கப்பட்டது. சுமார் 90,000 பேர் இருந்த ஊரில் ஏறக்குறைய பாதிப்பேர் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஐரோப்பாவில் எந்தத் துறைமுக அதிகாரியும் ஒரு தாளைக்கூட வெறுங்கையால் வாங்கத் துணிந்திருக்க மாட்டார். நீளமான இடுக்கியால் வாங்கினார்கள். காடியில், அதாவது வினிகரில், முக்கினார்கள். காடி பட்ட கடிதம் என்னிடம் ஒன்று இருக்கிறது. மை கசிந்து எழுத்தெல்லாம் தாடி முளைத்த மாதிரி இருக்கும். மை கலைகிறது என்று புகார் எழுந்தபோது புகைக்கு மாறினார்கள். கந்தகம் ஒரு பங்கு, வெடியுப்பு ஒரு பங்கு, தவிடு இரண்டு பங்கு கலந்து நெருப்பில் போடுவது ஜெர்மன் நாடுகளில் புழங்கிய ஒரு கலவை. 1773-ல் பிரான்ஸின் திஜோன் நகரத்தில் கீத்தோன் து மொர்வோ என்ற வேதியியலாளர் உப்போடு கந்தக அமிலத்தைச் சேர்த்து ஆவி கிளப்பி ஒரு தேவாலயத்தையே சுத்தம் செய்து காட்டியபின், அமிலப் புகையும் குளோரின் புகையும் வழக்கத்துக்கு வந்தன. நம் முனிசிபாலிட்டி பிளீச்சிங் பவுடரின் வாடைதான்.

மடித்து அரக்கு வைத்த தாளுக்குள் புகை போகாதே என்ற கேள்விக்குப் பதில்தான் அந்த வெட்டு. உளியால் குத்துவது ஒரு முறை. ஆணி பதித்த மட்டைக்கு நடுவே கடிதத்தை வைத்து அடிப்பது இன்னொரு முறை. வெட்டியதைக் கம்பி வலையில் பரப்பி, கீழே தணலை வைத்துப் பொடியைத் தூவுவார்கள். இடுக்கியில் பிடித்தபடியே நெருப்பில் காட்டியதும் உண்டு. அப்படிக் காட்டிய கடிதத்தில் தாள் முழுக்கப் பழுப்பேறியிருக்கும், இடுக்கி பிடித்த இடம் மட்டும் இரண்டு வெள்ளைப் பட்டையாக நிற்கும். யாரோ ஒரு கடைநிலைச் சிப்பந்தியின் பிடி அது. நான் கையெழுத்தைவிட அந்தப் பட்டையைத்தான் அதிக நேரம் பார்ப்பேன்.

என் மெட்ராஸ் கடிதம் போன பாதை இது. தபால் ஓட்டக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பம்பாய் வரை. அங்கிருந்து நீராவிக் கப்பலில் சூயஸ். 1830-ல் 'ஹியூ லிண்ட்சே' என்ற கப்பல் பம்பாயிலிருந்து சூயஸுக்கு முதல்முறையாகப் புகை கக்கிக்கொண்டு போய்க் காட்டியது. கால்வாய் வெட்டாத காலம். சூயஸிலிருந்து பாலைவனத்தில் ஒட்டகம், பிறகு நைல், பிறகு அலெக்சாந்திரியா. இந்தக் குறுக்குவழிக்காகக் கத்திக் கத்தியே ஓய்ந்தவர் தாமஸ் வாக்ஹார்ன் என்ற ஆங்கிலேயர். எகிப்தில் ஏஜெண்டு வைத்து, கடிதத்தில் தன் பெயரில் முத்திரையும் குத்தி அனுப்பினார். 1850-ல் கஷ்டத்தில் செத்தார். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போனால் நாலைந்து மாதம். என் கடிதத்தின் ஓரத்தில் வாங்கியவர் குறித்துவைத்த தேதியின்படி எண்பத்தொரு நாள்.

ஆனால் எகிப்து வழி வந்தது எதுவானாலும் ஐரோப்பாவுக்குச் சந்தேகப் பொருள்தான். 1835-ஐ ஒட்டிய வருஷங்களில் அலெக்சாந்திரியாவிலும் கெய்ரோவிலும் பிளேக் ஆளை வாரிக்கொண்டு போயிருந்தது. எனவே மெட்ராஸிலும் பம்பாயிலும் ஒரு தும்மல்கூட இல்லாத ஆள் எழுதிய கடிதமும் மால்டாவிலோ மார்செயிலோ உளிக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். மால்டாவின் ஒதுக்குமனை மனோயல் தீவில் இருந்தது. நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் 1831-ல் உடம்பு முடியாமல் காற்று மாற்றத்துக்கு வந்தபோது, அவரையும் அந்தத் தீவின் கோட்டையில் ஒதுக்கி வைத்தார்கள். அந்த வருஷம் பயம் பிளேக்கால் அல்ல, காலராவால்.

எது நிஜமான வெட்டு, எது வெறும் கிழிசல்? இந்தப் பைத்தியம் பிடித்த எல்லாரும் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி இதுதான். மளிகைக் கடையில் பில் குத்தி வைக்கும் கம்பி இருக்கிறதே, அதே மாதிரி ஒன்று பழைய வியாபார ஆபீஸ்களிலும் இருந்தது. அந்த ஓட்டை உருண்டையாக, தாளின் நடுவில், ஓரம் பிசிறி இருக்கும். தாளைப் பிரித்த பிறகு குத்தியதால் மடிப்போடு பொருந்தாது. பூச்சி அரித்த ஓட்டை வாய்க்கால் மாதிரி வளைந்து போகும். ஒதுக்குமனை வெட்டு அப்படியல்ல. பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குக் காகிதத்தை மடித்துக் கத்தரித்துத் தோரணம் செய்வோமே, அது போல. மடித்தால் ஒரே கோடு, விரித்தால் ஒன்றுக்கொன்று கண்ணாடி பார்த்த மாதிரி வரிசை. இதைப் பார்த்தும் எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லையே என்பதுதான் ஆத்திரம்.

இப்போது போலிகளும் வந்துவிட்டன. சாதாரணப் பழைய கடிதத்தை வாங்கி, உளியால் குத்தி, விலையை ஏற்றி விற்கிறவர்கள் உண்டு. லென்ஸில் வெட்டின் ஓரத்தைப் பாருங்கள். பழைய வெட்டின் விளிம்பு தாளைப் போலவே பழுப்பேறியிருக்கும். சில சமயம் புகை உள்ளே புகுந்த இடம் இன்னும் கருமையாக இருக்கும். புது வெட்டு உள்ளே பளீரென்று வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

வெட்டோடு முத்திரையும் சேர்ந்துவிட்டால் யோகம்தான். டான்யூப் கரையில், பெல்கிரேடுக்கு எதிரே, ஸெம்லின் என்று ஓர் ஊர். இந்தப் பக்கம் ஆஸ்திரியப் பேரரசு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் துருக்கி சுல்தானின் ஆட்சி. அந்த எல்லை நெடுகச் சிப்பாய்களை நிறுத்தி நோய்க்காவல் போட்டிருந்தார்கள், 1871-ல்தான் கலைத்தார்கள். ஸெம்லினில் கடிதத்தின் மேல் இத்தாலிய மொழியில் இரண்டு விதமான முத்திரை குத்தினார்கள். பிரித்துப் புகைபோட்டு மறுபடி அரக்கு வைத்ததற்கு, 'வெளியேயும் உள்ளேயும் சுத்தம்'. பிரிக்காமல் மேலாகப் புகைகாட்டி அனுப்பியதற்கு, 'வெளியே சுத்தம், உள்ளே அழுக்கு'.

இந்த இரண்டாவதைப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். பென்ஷன் பணத்தில் வாங்குகிற சமாச்சாரம் இல்லை. ஆனால் என்ன நேர்மையான முத்திரை! நான் மேலே மட்டும்தான் துடைத்தேன், உள்ளே இருப்பதற்கு நீயாச்சு உன் பாடாச்சு என்று ஒரு சர்க்கார் ஆபீஸ் எழுதிக்கொடுத்திருக்கிறது. என் சர்வீஸில் அப்படி ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருந்திருந்தால் எத்தனையோ காகிதங்களில் குத்தியிருப்பேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுத்தம் செய்ய வேண்டுமென்று பிரித்த கடிதத்தைப் படிக்காமல் இருப்பார்களா? ஆஸ்திரிய சர்க்காருக்கு அந்த எல்லையில் புகையோடு உளவும் கிடைத்தது.

இவ்வளவு புகைக்கும் பலன் உண்டா என்றால், பெரும்பாலும் இல்லை. காலரா தண்ணீரில் போகிறது என்று லண்டனில் ஜான் ஸ்நோ 1854-ல் காட்டினார். அதன் கிருமியை ராபர்ட் காக் 1884-ல் கல்கத்தாவில் உறுதிசெய்தார். பிளேக் கிருமியை 1894-ல் ஹாங்காங்கில் யெர்சின் கண்டார். அதை எலியிலிருந்து ஏற்றி வருவது தெள்ளுப்பூச்சி என்று 1898-ல் கராச்சியில் சீமோன் சோதித்துக் காட்டினார். நானூறு வருஷமாகக் காகிதத்தைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். தெள்ளுப்பூச்சி அவர்கள் காலடியில் துள்ளிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் 1888-ல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் ஊரில் மஞ்சள் காய்ச்சல் வந்தபோது கடிதங்களை ஆணி மட்டையால் குத்தி, ரயில் பெட்டியையே புகையறை ஆக்கினார்கள். ஆர்.எம்.எஸ். காரனான எனக்கு அந்தப் பெட்டிக்குள் நின்றவர்களின் தொண்டையை நினைத்தால் இருமல் வருகிறது. அந்தக் காய்ச்சலைப் பரப்பியது கொசு. 1900-ல் வால்டர் ரீட் குழு கியூபாவில் அதை நிரூபித்தது. பம்பாயில் பிளேக் பரவியதை ஒட்டி 1897-ல் வெனிஸில் கூடிய சர்வதேச மாநாடு, கடிதங்களுக்கும் அச்சுத்தாள்களுக்கும் சுத்திகரிப்பு வேண்டாம் என்று எழுதிவைத்தது. முதல் ஒதுக்குமனையைக் கட்டிய ஊரிலேயே கடிதத்துக்கு விடுதலை.

இதற்காக அந்தக் காலத்தவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனசு வராது. நம் ஊரில் சாவுச் செய்தி சொல்லும் கருப்பு ஓரம் போட்ட கார்டை, படித்த கையோடு கிழித்துப் போடுகிறவர்கள்தானே நாம்? என் அம்மா அதை வாசற்படி தாண்டவே விடமாட்டாள். தாளில் ஏதோ ஒட்டிக்கொண்டு வருகிறது என்ற எண்ணம் மால்டாக்காரனுக்கு மட்டும் சொந்தமில்லை. 2020-ல் பால் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணியில் கழுவினோம். என் மருமகள் கூரியர் கவரை மொட்டை மாடியில் வெயிலில் போட்டு, காற்றில் பறக்காமல் இருக்க அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். உள்ளே இருந்தது என் பேரனின் பள்ளிக்கூடப் படிவம். பழைய பொடிக் கலவையின் செய்முறையை நான் எடுத்துச் சொன்னதை அன்றைக்கு யாரும் ரசிக்கவில்லை.

இந்தக் கடிதங்களை ஒழுங்காகப் படித்தவர்களில் கார்ல் மேயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. சுவிட்சர்லாந்தில் பிறந்து கலிபோர்னியாவில் வேலை பார்த்தவர். பிளேக் ஆராய்ச்சியில் பெரிய பெயர். பகலில் கிருமியைப் பார்த்த அதே மனிதர், ஓய்வில் அந்தக் கிருமிக்குப் பயந்து குத்திய ஓட்டைகளைச் சேர்த்து, எந்த ஊர் எந்த வருஷம் எப்படி வெட்டியது என்று பட்டியல் போட்டு 1962-ல் புத்தகமாக்கினார். இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் சண்டை வந்தால் அதைத்தான் புரட்டுகிறார்கள். அண்மையில் விஷயம் லென்ஸையும் தாண்டிவிட்டது. பியர் ஜோர்ஜோ ரிகெத்தி என்ற இத்தாலிய வேதியியலாளரும் கூட்டாளிகளும் மிலான் நகரத்து 1630-ஆம் வருஷப் பிளேக் மரணப் பதிவேட்டின் பக்கங்களில் ஒருவகைப் பிளாஸ்டிக் படலத்தை ஒற்றி எடுத்து, தாளுக்குச் சேதமில்லாமல் புரதங்களைச் சேகரித்தார்கள். பிளேக் கிருமியின் புரதம் கிடைத்தது. எலியின் தடயம் கிடைத்தது. எழுதிய குமாஸ்தா தின்றது என்ன என்பதுகூடக் கிடைத்தது.

விஞ்ஞானம் சொன்ன பிறகும் பயம் உடனே போவதில்லை. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற இடத்தில் தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனை இருந்தது. அங்கிருந்து நோயாளிகள் எழுதிய கடிதங்களைச் சூட்டில் வைத்து எடுத்த பிறகே வெளியே விட்டார்கள். அதுவும் 1960கள் வரை. அந்த நோய் கடிதத்தால் பரவாது. உள்ளே இருந்தவர்களே 'தி ஸ்டார்' என்று பத்திரிகை நடத்தி இந்த மாதிரிக் கொடுமைகளை எதிர்த்து எழுதினார்கள். நம் கொல்லிமலையில் பிறந்து, வேலூரில் தொழுநோயாளிகளின் முடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட் 1966-ல் போய்ச் சேர்ந்ததும் இந்தக் கார்வில்லுக்குத்தான். மால்டா கடிதம் கிடைத்தால் மேசையில் வைத்துக் குதூகலிப்பேன். கார்வில் கடிதம் கிடைத்தால் வாங்குவேனா என்று கேட்டால் தயக்கமாக இருக்கிறது. மால்டாவில் எல்லார் கடிதத்துக்கும் ஒரே உளி, கவர்னர் கடிதமானாலும் சரி. கார்வில்லில் சுட்டது ஒரு சிலருடையதை மட்டும்.

2001-ல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் பொடி வைத்த கடிதங்களால் ஐந்து பேர் செத்தார்கள். அதில் இரண்டு பேர் வாஷிங்டன் தபால் நிலையத் தொழிலாளர்கள். நானூறு வருஷப் பயம் ஒருமுறை நிஜமானது அப்போதுதான். அரசு அலுவலகங்களுக்குப் போன தபால்களை எலெக்ட்ரான் கதிர் பாய்ச்சி அனுப்பினார்கள். தாள் பழுப்பேறி, அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஓட்டை இல்லை, ஆனால் பழுப்பு அதே பழுப்பு. அதையும் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பாய் ஒட்டிய பசையைக் கழற்ற, காகிதப் பாதுகாப்பு தெரிந்த ஒரு பெண்ணிடம் போனேன். ஈரம் காட்டி, மெல்லிய கத்தியால் நீவி, மூன்று நாள் உட்கார்ந்தார். பன்னிரண்டில் ஒன்பது திறந்தன. "மீதி மூணையும் இழுத்தா எழுத்தும் சேர்ந்து வந்துடும் சார், விட்டுடலாம்" என்றார். அவுரி விலை பற்றி எழுதிய ஒரு வரியின் மேல் அந்த மூன்று துண்டுகளும் இன்னும் இருக்கின்றன. வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும்.

போன முறை மாவட்டக் கண்காட்சியில் அதை வைத்தேன். கீழே குறிப்புச் சீட்டு எழுத வேண்டும். 'வெட்டுகள்: மால்டா, 1839' என்று எழுதினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: 'ஒட்டு: திருச்சி, 2009'.